545 என்ற எண்

அன்புள்ள ஐயா,

நான் தேனி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே படிக்கிறேன். குரூப் 4 எழுதியாயிற்று. அடுத்த வருடம் யு.பி.எஸ்.சி. பிரிலிம்ஸ் எழுத ஆசை. அக்கா கொடுத்த பொது அறிவுப் புத்தகத்தில் ஆறாயிரம் ஒரு வரி வினா விடை இருக்கிறது; பாதிக்கு மேல் மனப்பாடம். மக்களவை உறுப்பினர்கள் 545, கூட்டு அமர்வுக்குத் தலைமை சபாநாயகர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் போன மாதம் ஆன்லைனில் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். 100 கேள்வியில் 91 போட்டு 38தான் சரி. மைனஸ் போக 200க்கு 40 சொச்சம். என் ஞாபகசக்தியில் கோளாறா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? எந்தப் புத்தகம் வாங்கலாம்?

ம., தேனி

அன்புள்ள ம.,

முதலில் அந்த 545ஐ அடித்துவிட்டு 543 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலோ இந்தியர் இருவரை மக்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஏற்பாடு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அரசமைப்பின் 104ஆவது திருத்தம் அதை நீட்டிக்கவில்லை. அக்காவின் புத்தகம் அதற்கு முந்தையது போலிருக்கிறது. மாநிலங்கள் எத்தனை என்று அதில் பாருங்கள். 29 என்றிருந்தால் (இப்போது 28, யூனியன் பிரதேசங்கள் 8) அதை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஞாபகசக்தியில் ஒரு கோளாறும் இல்லை. ஆறாயிரத்தில் பாதியை நெட்டுருப் போட்டவரிடம் அதைப் பற்றி நான் என்ன சொல்ல? எனக்குக் கைபேசி எண்ணே நாலுதான் நினைவிருக்கிறது.

உங்கள் மார்க்கைப் பார்ப்போம். நீங்கள் கணக்குப் படித்தவர், நான் சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரியான விடைக்கு 2 மார்க், தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு பிடித்தம். நாலு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால் சராசரியாக ஒன்று சரியாகும், 2 மார்க் வரும். மற்ற மூன்றும் அதே 2 மார்க்கைக் கொண்டுபோய்விடும். ஆக, குருட்டாம்போக்கில் போடுவதன் லாபம் பூஜ்யம். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது 20 என்று வைத்துக்கொள்வோம். மீதி 71ஐயும் சும்மா போட்டிருந்தால் ஏறக்குறைய 18 சரியாகியிருக்கும். இருபதும் பதினெட்டும் 38. மார்க்கும் 40தான். அந்த 71 கேள்விக்காக நீங்கள் பட்ட பாடு தாளில் எங்கேயும் ஏறவில்லை.

நான் 1993இல் பிரிலிம்ஸ் எழுதியபோது பொது அறிவுத் தாளில் 150 கேள்வி, 150 மார்க். மைனஸ் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன், தோற்றேன். டி.என்.பி.எஸ்.சி.யில் இன்றைக்கும் தவறான விடைக்குப் பிடித்தம் கிடையாது. குரூப் 4இல் பழகிய அந்தக் கை யு.பி.எஸ்.சி. தாளிலும் அப்படியே ஓடியிருக்கிறது. அதே கேள்வியில் இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ளிவிட முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். தள்ளுவதற்கு ஒரு வரி வினா விடை உதவாது. எப்படி என்று நீங்கள் எழுதிய இரண்டாவது வரியை வைத்தே காட்டுகிறேன்.

கூட்டு அமர்வுக்குத் தலைமை சபாநாயகர். சரிதான். கேள்வி இப்படி வந்தால்?

1. கூட்டு அமர்வைக் கூட்டுபவர் மக்களவை சபாநாயகர். 2. அரசமைப்புத் திருத்த மசோதாவுக்காகவும் கூட்டலாம். 3. இதுவரை மூன்று மசோதாக்களுக்காகக் கூடியிருக்கிறது. மேற்கண்டவற்றில் எத்தனை சரி?

எவை சரி என்று கேட்காமல் எத்தனை சரி என்று கேட்பது 2023 பிரிலிம்ஸில் நிறைய வந்தது. ஒரு கூற்று தவறென்று தெரிந்தாலும் போதாது, மூன்றும் தெரிந்தாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்த 'சபாநாயகர்' என்ற சொல் முதல் கூற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது, கை தானாக அங்கே போகும். ஆனால் கூட்டுபவர் குடியரசுத் தலைவர். கூட்டிய பிறகு தலைமை வகிப்பவர்தான் சபாநாயகர்.

கூட்டு அமர்வைச் சொல்லும் அரசமைப்பின் 108ஆவது பிரிவு எதற்காக இருக்கிறது என்று ஒரு தடவை யோசித்தால் மிச்சத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒரு மசோதாவில் இரு அவைகளும் முட்டிக்கொண்டு நின்றால் அதைத் தீர்க்கத்தான் கூட்டு அமர்வு. பண மசோதாவில் முட்டலே வராது. மாநிலங்களவை அதை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அரசமைப்புத் திருத்தம் ஒவ்வோர் அவையிலும் தனித்தனியாகச் சிறப்புப் பெரும்பான்மையில் நிறைவேற வேண்டும். 543 பேரையும் 245 பேரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து எண்ணினால் மாநிலங்களவையின் குரல் அமுங்கிப்போகும் அல்லவா? அதனால் அதற்கும் கூட்டு அமர்வு கிடையாது. இரண்டாவது கூற்றும் போயிற்று. மூன்றாவது மட்டும் சரி: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணையத்தை நீக்குவது, 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா.

அந்த 2002ஐக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அந்த அமர்வு நடந்தது மார்ச் 26. சபாநாயகர் பாலயோகி மார்ச் 3ஆம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோயிருந்தார். தலைமை வகித்தவர் துணை சபாநாயகர் பி.எம். சயீத். அவரும் இல்லாதிருந்தால்? மாநிலங்களவைத் துணைத் தலைவர். மாநிலங்களவைத் தலைவரான குடியரசுத் துணைத் தலைவர் அந்த நாற்காலிக்கு வரவே முடியாது, ஏனென்றால் அவர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. இது தெரிந்துவிட்டால் இந்தப் பிரிவில் எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதறமாட்டீர்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: குடியரசுத் தலைவர் வருடா வருடம் இரு அவைகளுக்கும் சேர்த்து உரையாற்றுவதையும் நம் பத்திரிகைகள் 'கூட்டுக் கூட்டம்' என்றே எழுதும். அது 87ஆவது பிரிவு, வேறு விவகாரம்.

பயிற்சி எப்படிச் செய்வது என்பதற்கு என் அறைத்தோழன் செய்ததைச் சொல்கிறேன். பல்லவன் பஸ் டிக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பான். பழைய வினாத்தாளில் ஒரு கேள்வி பார்த்தால் சரியான விடையோடு அவன் நிறுத்தமாட்டான். தவறான மூன்றும் எந்தக் கேள்விக்குச் சரியான விடையாகும் என்று தேடுவான். லோக்தாக் ஏரி எந்த மாநிலம் என்று கேட்டு, மணிப்பூரோடு ஒடிசா, ஆந்திரா, காஷ்மீர் என்று கொடுத்திருந்தால் நாலு டிக்கெட் ஆகும். லோக்தாக்கில் மிதக்கும் புல்திட்டுகள், அவற்றின் மேல் சங்காய் மான். ஒடிசாவின் சிலிகா கடலோர உப்பங்கழி. கொல்லேறு கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் நடுவே நன்னீர். ஊலர் ஜீலம் நதியோடு சேர்ந்தது. ஒரு கேள்விக்கு அரை மணி நேரம். பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். அவன் அந்த வருடம் தேறினான்.

புத்தகம் வாங்க வேண்டாம். யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் மாநிலப் பாடநூல்களும் அப்படித்தான். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியலை மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்தையும் தமிழில் சந்திக்கலாம். பிரிலிம்ஸ் வினாத்தாள் மட்டும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். இது நியாயமில்லை என்பது என் கட்சி, ஆனால் உங்கள் தேர்வு அதற்காகக் காத்திருக்காது. தமிழில் நாம் பொதுவாக 'ஒத்திவைப்பு' என்று சொல்லிவிடுகிற இடத்தில் ஆங்கிலத்தில் அட்ஜர்ன் (அமர்வை நிறுத்திவைப்பது), புரொரோக் (கூட்டத்தொடரையே முடித்துவைப்பது) என்று இரண்டு உண்டு. முதலாவதைச் செய்பவர் அவைத் தலைவர், இரண்டாவதைச் செய்பவர் குடியரசுத் தலைவர். நாலு விடையில் இரண்டைத் தள்ளும் இடம் பெரும்பாலும் இப்படி ஒரு சொல்தான்.

மணிக்கணக்கைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. பிரிலிம்ஸின் இரண்டாம் தாளுக்கு (கணக்கும் பத்தி வாசிப்பும் வருவது) 33 சதவீதம் போதும். கணிதம் படித்த உங்களுக்கு அதில் கணக்கு பயமில்லை, ஆங்கிலப் பத்திகளைத்தான் பழக வேண்டும்.

அந்த மாதிரித் தேர்வின் விடைத்தாள் உங்களிடம் இருக்குமே. 91 கேள்விக்கும் பக்கத்தில் குறி போடுங்கள்: நிச்சயம் தெரிந்தது, இரண்டில் ஒன்று என்று போட்டது, சும்மா போட்டது. நான் சொன்ன 20 சரியா, கூடக் குறைச்சலா என்று எழுதுங்கள். தப்பாயிருந்தால் மேலே உள்ள கணக்கைத் திருத்திப் போட்டுவிடுகிறேன்.