கல்டார், குட்டை நெல், டெல்லா புரதம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் பற்றிக் குழுவில் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். கிருஷ்ணகிரி ஆயிற்றே, மாமரமும் அதன் வளர்ச்சியை அடக்க ஊற்றும் கல்டார் மருந்தும்தான் முதலில் வந்தன.

போச்சம்பள்ளி அன்பர்: ஐயா, கல்டார் ஊற்றினால் மரம் கொழுந்து விடாமல் பூக்கிறதே, எப்படி?

செடியின் செல்லில் டெல்லா என்ற புரதக் குடும்பம் இருக்கிறது. வளர்ச்சிக்கு பிரேக் போடுவது அதன் வேலை. ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் ஊறினால், அது தன் ஏற்பியில் (ஹார்மோனை அடையாளம் கண்டு பிடிக்கும் புரதம்) ஒட்டும். அந்த ஏற்பி டெல்லாவைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட டெல்லாமேல் ‘இதைச் சிதை’ என்று குறிக்கும் உபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தின் முத்திரை விழும், உடனே செல் அதைச் சிதைத்துவிடும். அப்புறம் தண்டு நீள்கிறது.

கல்டாரில் இருப்பது பாக்ளோபியூட்ரசால். ஜிப்ரெலின் தயாராகும் வழியில் ஒரு நொதியை முடக்குகிறது. ஹார்மோன் குறையக் குறைய டெல்லா குவியும், கொழுந்து ஓட்டம் நிற்கும். மாமரத்தில் ஜிப்ரெலின் பூப்பதையும் தடுக்கும் என்பதால், அது குறைந்த மரத்தில் முற்றிய கிளையும் பனிக்காலக் குளிரும் சேர்ந்தால் பூ வரும். நோஞ்சான் மரத்தில் ஊற்றிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

இன்னொன்று: இந்த மருந்து மண்ணில் நெடுநாள் தங்கும். வருஷா வருஷம் அதே அளவை ஊற்றினால் கணு குறுகி, பூங்கொத்து கட்டைகட்டையாக நிற்கும்.

காவேரிப்பட்டணம்: பெங்களூரா ரக மா, 15 வயது மரம். எத்தனை மில்லி சார்?

வயதை வைத்துச் சொல்ல முடியாது. தழை விரிந்திருக்கும் விட்டத்தை மீட்டரில் அளந்துகொண்டு தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

பர்கூர் கல்லூரி மாணவி: மனித செல்லிலும் டெல்லா உண்டா சார்?

இல்லைம்மா, அது செடிகளின் சொத்து. ஆனால் முத்திரை குத்திச் சிதைக்கும் முறை நம்மிடமும் உண்டு. சைக்ளின் புரதங்கள் செல் பிரியும் நேரத்தில் சேர்ந்து, செல் பிரிவை நடத்தும் சிடிகே நொதிகளை முடுக்கி, வேலை முடிந்ததும் அதே உபிகுவிட்டின் வழியில் சிதைகின்றன. ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் என்ற விஞ்ஞானிகள் மூவருக்கும் 2001 நோபல் பரிசு இந்தத் துறையில்தான். டிஎன்ஏ பழுதானால் பிரிவை நிறுத்துவது பி53 என்ற புரதம். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் அதன் மரபணு கெட்டிருக்கிறது.

தேன்கனிக்கோட்டை: யானைக்குப் புற்றுநோய் குறைவாமே?

ஆமாம். பி53 மரபணு நமக்கு ஒன்று, அதற்கு 20 பிரதிகள் அளவில். காரணம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஊத்தங்கரை: செந்தூராவுக்கு எத்தனை மில்லி?

காவேரிப்பட்டணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாலக்கோடு: பசுமைப் புரட்சியின் குட்டைப் பயிர்கள் எல்லாமே டெல்லா மாற்றம்தானே? அரூர் நண்பர் இல்லை என்கிறார், ஹார்மோன் குறைவுதான் காரணமாம்.

இருவர் கையிலும் ஆளுக்கொரு பயிர். நோரின் 10 என்ற ஜப்பானிய ரகத்தின் வழி வந்த குட்டைக் கோதுமையில் டெல்லாவே மாறிவிட்டது, ஹார்மோன் வந்தாலும் சிதையாது. 1966-ல் வந்த ஐஆர்8 நெல்லில் டெல்லா சரியாகவே இருக்கிறது. கெட்டது ஜிப்ரெலின் தயாரிக்கும் ஒரு நொதி. ஜிப்ரெலின் தெளித்துப் பாருங்கள்: நெல் நீளும், கோதுமை அசையாது.

பாலக்கோடு, மறுபடி: இரண்டிலும் கடைசியில் டெல்லாதானே குவிகிறது? நான் சொன்னதில் என்ன தப்பு?

நல்ல பிடி! விளைவு ஒன்றுதான், பழுதான இடம் வேறு. மரபணு எது என்று பந்தயம் கட்டியிருந்தால் நெல்லில் அரூர் ஜெயிப்பார்.

அரூர்: அப்படியானால் கல்டார் போட்ட மாமரம் நெல் கட்சியா, கோதுமைக் கட்சியா?

நெல் கட்சி. டெல்லா நன்றாக இருக்கிறது, ஹார்மோன்தான் இல்லை. அதனால்தான் கல்டார் மிஞ்சிப்போன மரத்துக்கு ஜிப்ரெலின் தெளித்தால் கொழுந்து திரும்பும். கோதுமையில் அந்த வழி கிடையாது. செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள், முதலிலேயே அளவாக ஊற்றுவது மலிவு.

ராயக்கோட்டை: நீலம் மரம் சார், எத்தனை மில்லி?

விட்டம், தோட்டக்கலை அலுவலகம். போன வருஷம் ஊற்றியிருந்தால் அதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.