நுரையீரல் புற்றுநோயும் ஐ.சி.யு.வும்: கடலோரக் கேள்விகள்

பாம்பன் முதல் தொண்டி வரை வந்த கேள்விகளுக்கு, ஐ.சி.யு. மருத்துவர் என்ற முறையில் என் பதில்கள்.

பாம்பன்: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை கடலுக்குப் போய்வந்தார். இப்போது நிமோனியாவால் மதுரையில் ஐ.சி.யு.வில் இருக்கிறார். பிழைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று யாருமே சொல்வதில்லை.

எண் இல்லாமல் இல்லை, தம்பி. 2011இல் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 6 நாடுகளில், ஐ.சி.யு.வில் சேர்ந்த 449 நுரையீரல் புற்றுநோயாளிகளைக் கவனித்தார்கள். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 39 சதவீதம். ஆறு மாதத்துக்குள் 55 சதவீதம். அதை அப்படியே அப்பா தலையில் ஏற்றாதீர்கள். எதற்காக உள்ளே போனார் என்று பாருங்கள். நிமோனியா மருந்துக்கு அடங்கக்கூடியது. கட்டியே மூச்சுக்குழாயை அடைத்திருந்தால் கதை வேறு. நுரையீரல் மட்டும் தளர்ந்ததா, சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் சேர்ந்து விழுந்தனவா? புற்றுநோய் சிகிச்சைக்குக் கட்டுப்பட்டு வந்ததா? இவற்றோடு, வயதைவிட முக்கியமாக நான் கேட்பது ஒன்று: போன மாதம் எப்படி நடமாடினார்? படகேறி வலை இழுத்தவர் என்பது அவருக்குச் சாதகமான சேதிதான்.

கீழக்கரை: வாப்பாவுக்கு வென்டிலேட்டர் வைக்கச் சம்மதம் கேட்கிறார்கள். வைத்தால் எடுக்கவே முடியாதாமே?

எடுக்க முடியும். ஆனால் அது தேவைப்படும் அளவுக்குப் போனவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதும் மெய். முடிந்தவர்களுக்கு முதலில் இறுக்கமான முகமூடி வழியாகக் காற்று கொடுத்துப் பார்ப்போம். இரண்டுங்கெட்டான் நிலையில் நான் சொல்வது, கெடு வைத்துச் சிகிச்சை. நான்கைந்து நாள் எதையும் குறைக்காமல் செய்வது, பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுவது. முதல் நாளைவிட ஐந்தாம் நாள் நிலைமையே அதிகம் சொல்லும். வாப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரிடமே கேளுங்கள். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் போனில் முடிவெடுக்க, தெளிவாகப் படுத்திருக்கும் மனிதரை ஒருவரும் கேட்காமல் விடுவது எனக்கு ஆத்திரம் தரும் விஷயம்.

தங்கச்சிமடம்: கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு அண்ணனை ஐ.சி.யு.வில் வைத்திருக்கிறார்கள்.

அது வழக்கமான கண்காணிப்பு. மேலே சொன்ன கணக்கோடு இதைக் குழப்ப வேண்டாம்.

தொண்டி: மாமியார் புகையிலையைத் தொட்டதே இல்லை. காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார். கீமோ எப்போது தொடங்கலாம்?

காசநோய் என்று தவறாக எண்ணிக் காலம் போவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது, அம்மா. இப்போது அவர் கட்டிலைவிட்டு எழுவதுதான் முதல் வேலை. படுத்தே கிடந்தால் தசை வேகமாகக் கரையும். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது கை நடுங்குகிறதா, பாருங்கள். நாளின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழிப்பவருக்குக் கீமோ கொடுக்கப் புற்றுநோய் மருத்துவர் தயங்குவார்; ஐ.சி.யு.வில் பிழைத்தும் பின்னால் தோற்றுப்போவதற்கு இது ஒரு காரணம். கட்டிலோரம் உட்கார்த்துங்கள், பிறகு நிற்கவைத்து நடத்துங்கள். கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டையும் மீனும் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி கேளுங்கள்.

இன்னொன்று: புகைக்காத பெண்களிடம் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் அதிகம். திசுவில் அதைச் சோதித்தார்களா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரை உண்டு. கீமோவைத் தாங்க முடியாத உடம்பிலும் கொடுத்துப் பார்க்கலாம்.

தேவிபட்டினம்: இனி ஐ.சி.யு. வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

வெறுங்கையோடு அனுப்பினால்தான் கைவிட்டது. மூச்சுத்திணறலுக்குச் சிறிய அளவில் மார்ஃபின் நன்றாகக் கேட்கும். உயிரைப் பறித்துவிடும் என்ற பயம், முறையான அளவில் கொடுக்கும்போது வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள். தலைமாட்டை உயர்த்தி, முகத்துக்கு நேராகச் சிறிய மின்விசிறி வையுங்கள். இரவில் திணறல் கூடினால் எந்த எண்ணில் யாரை அழைப்பது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.