பச்சாதாபத்தில் பச்சை இருக்கிறதா?

கேள்வி: காணிப் பிரச்சினை ஒன்றில் அக்காவிடம் வாய் தடித்துவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் "நான் சொன்னதற்குப் பச்சாதாபப்படுகிறேன்" என்று எழுதி அனுப்பினால், "உன்ர இரக்கம் எனக்குத் தேவையில்லை" என்று இன்னும் கோபித்துக்கொண்டார். இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? இதில் பச்சை எப்படி வந்தது?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் எழுதியது பிழையில்லை, அக்கா விளங்கிக்கொண்டதும் பிழையில்லை. அதுதான் சிக்கல்.

பச்சைக்கும் இதற்கும் உறவே கிடையாது. வடமொழியில் பச்சாத் என்றால் பின்னால், பிறகு. தாபம் என்றால் சூடு. பழைய வடிவம் பச்சாத்தாபம். செய்து முடித்த பிறகு நெஞ்சைப் பிடிக்கிற சூடு! மேற்குக்குப் பச்சிமம் என்று ஒரு பெயர் உண்டே, அதுவும் இந்தப் பச்சாத்தின் உறவுதான். காலையில் கடல் பக்கம் திரும்பிச் சூரியனைக் கும்பிட்டு நில்லுங்கள், வாவிக்கு அப்பால் மேற்கிலுள்ள படுவான்கரை உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

வடமொழி வேண்டாம் என்பவர்கள் குறளைப் பார்க்கலாம். "பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" (293). பின், சுடும், இரண்டும் அப்படியே இருக்கின்றன, இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அம்பாறைப் பக்கம் சிங்களம் கதைக்கிறவர்களிடம் கேட்டால் பசுத்தெவீம என்பார்கள், அதிலும் பசு என்றால் பிறகுதான், மற்றப் பாதி வேகுதல், வெதும்புதல்.

சரி, இரக்கம் எங்கே நுழைந்தது? தமிழில் வந்து பொருள் மாறியது இது ஒன்று மட்டுமல்ல. அனுதாபமும் வடமொழியில் செய்ததை நினைத்து வருந்துவதுதான், இங்கே மரண வீட்டுப் பதாகையில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று தொங்குகிறது. மனஸ்தாபமும் அப்படித்தான். கத்தோலிக்கர் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லும்போது அது பாவத்துக்கு வருந்துவது, மற்ற இடத்தில் இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருப்பது. தன் பிழைக்காக எரிந்த சொற்கள் அடுத்தவரைப் பார்த்து உருகுகிற சொற்களாகவும், சண்டைக்குப் பெயராகவும் போய்விட்டன. எனக்கு இதில் உண்மையிலேயே கவலை உண்டு, ஏனென்றால் பச்சாதாபத்தின் பழைய பொருளை இன்று பேச்சில் கேட்பதே அரிது.

ஆனால் அக்காவுக்கு அகராதி அனுப்பாதீர்கள். "நான் கதைத்தது பிழை அக்கா, நெஞ்சு சுடுகுது" என்று எழுதுங்கள், முடிந்தால் எழுதாமல் நேரே போய்ச் சொல்லுங்கள்.