556-க்கு 556: 2015 இண்டிகார் கோப்பை எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் இண்டிகார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடர் பற்றி எழுதும்போது 2015 சீசனை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஸ்காட் டிக்சனுக்கும் யுவான் பாப்லோ மொண்டோயாவுக்கும் தலா 556 புள்ளி, ஆனால் கோப்பை டிக்சனுக்கு. முதல் பந்தயத்திலிருந்து முன்னால் இருந்தவர் மொண்டோயா. கடைசிப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி வைத்து அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்கிறார் என் நண்பர். சொந்த அணியின் வில் பவரே இடித்துக் கெடுத்தார் என்கிறார் இன்னொருவர். எது சரி? ஓட்டுநர் ஜஸ்டின் வில்சன் விபத்தில் இறந்ததும் அந்த வருடம்தானே, அதன்பிறகு ஏதாவது மாறியதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கணக்கே மறுத்துவிடுகிறது.

இண்டிகாரில் வென்றவருக்கு 50 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 40, மூன்றுக்கு 35, பிறகு 32, 30, 28 என்று இறங்கும். பத்தாம் இடத்துக்கு 20. அதற்குக் கீழே இடத்துக்கு ஒன்றாகக் குறைந்து, 25-ஆம் இடத்திலிருந்து எல்லோருக்கும் 5. இதுபோக ஒரு சுற்றாவது முன்னணியில் ஓடினால் 1, அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு 2, போல் எடுத்தவருக்கு, அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவருக்கு 1. 2015-இல் இண்டியானாபொலிஸ் 500-க்கும் கடைசிப் பந்தயமான சோனோமாவுக்கும் மட்டும் இடத்துக்கான புள்ளி இரட்டிப்பு. போனஸ் புள்ளி இரட்டிப்பாகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 30 அன்று சோனோமாவில் பச்சைக் கொடி விழும்போது மொண்டோயா 500, கிரஹாம் ரஹால் 466, டிக்சன் 453, பவர் 439. டிக்சன் 47 புள்ளி பின்னால். அவர் செய்ய முடிந்த அத்தனையையும் அன்று செய்தார்: வென்றார், அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடினார். 100, அதோடு 1, அதோடு 2. ஆக 103. 453-உடன் கூட்டினால் 556. மொண்டோயா ஆறாம் இடம். 28-இன் இரட்டிப்பு 56. 500-உடன் கூட்டினால் அதே 556. சமநிலை வந்தால் வெற்றிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். டிக்சனுக்கு லாங் பீச், டெக்சாஸ், சோனோமா என்று மூன்று. மொண்டோயாவுக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க், இண்டி 500 என்று இரண்டு. கோப்பை டிக்சனுக்கு, அவருடைய நான்காவது.

இப்போது இரட்டிப்பை எடுத்துவிட்டுப் பார்ப்போம். சோனோமாவில் மட்டும் எடுத்தால் டிக்சன் 506, மொண்டோயா 528. உங்கள் நண்பர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார். ஆனால் மே மாதம் இண்டி 500-ஐ வென்று அதே இரட்டிப்பை வாங்கியவர் மொண்டோயா. டிக்சன் அதில் நான்காவது. அதையும் எடுத்தால் மொண்டோயாவிடமிருந்து இன்னும் 50 போகிறது, டிக்சனிடமிருந்து 32. முடிவில் 478-க்கு 474. மொண்டோயாவுக்கே கோப்பை, ஆனால் நான்கே புள்ளியில். இண்டியில் மட்டும் எடுத்து சோனோமாவில் விட்டுவைத்தால் 524-க்கு 506, டிக்சன் தாராளமாக ஜெயிக்கிறார். ஒரு கையால் வாங்கியதை மறுகையால் கொடுத்தார் மொண்டோயா. கடைசிப் பந்தயத்துக்கு இரட்டிப்பு வைப்பது எனக்கும் பிடித்ததில்லை. ஆறு மாத உழைப்பை ஒரு மதியத்தில் குலுக்கிப் போடும் ஏற்பாடு அது. ஆனால் விதி மார்ச் மாதமே எல்லோருக்கும் தெரியும். இதற்குப் ‘பிடுங்கல்’ என்ற சொல் பொருந்தாது.

பவர் விஷயம். மஞ்சள் கொடி காட்டி மெதுவாக ஓடவிட்ட பிறகு ரீஸ்டார்ட் ஆனதும் மொண்டோயா, பவர் இருவரின் பென்ஸ்கி அணிக் கார்களும் ஒரே வளைவுக்குள் நுழைந்து உரசின. பவரின் கார் சுழன்றது, மொண்டோயாவின் முன் விங் உடைந்தது. மூக்குப் பகுதியை மாற்ற அவர் பிட்டுக்குள் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து வரிசையின் கடைசிப் பக்கம். பவரும் அன்று கோப்பைக்கான ஓட்டத்தில் இருந்தவர், போல் எடுத்தவர். அவர் ஏன் வழிவிட வேண்டும்? டிக்சனைவிட 47 புள்ளி முன்னால் இருக்கும் மொண்டோயாதான் அந்த வளைவில் பொறுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு அவர் ஓட்டியதைக் குறை சொல்லவே முடியாது. முந்துவதற்கு இடமே தராத சோனோமாவில் ஒவ்வொரு காராகக் கடந்து ஆறாவது வரை வந்தார். அவருக்கு முன்னால் ஐந்தாவதாக ரயன் பிரிஸ்கோ. அந்த ஒரு காரைக் கடந்திருந்தால் 60 புள்ளி, மொத்தம் 560, கோப்பை அவருக்கு. மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்த சார்லி கிம்பலும் டோனி கனானும் டிக்சனின் கனாஸி அணிக்காரர்கள்.

ஆனால் எங்கே போனது என்று கேட்டால் நான் சோனோமாவைக் காட்ட மாட்டேன். ஜூலையில் நடந்த ஐயோவாவைக் காட்டுவேன். ஒரு மைலுக்கும் குறைந்த நீளமுள்ள சிறிய ஓவல் அது. கார் எந்நேரமும் பாரம் ஏறிய வளைவில்தான் இருக்கும், சஸ்பென்ஷனுக்கு ஓய்வே கிடையாது. பந்தயம் சூடுபிடிக்கும் முன்பே மொண்டோயாவின் காரில் சஸ்பென்ஷன் போய், நேராகச் சுவரில் மோதினார். 24 கார்களில் 24-ஆவது, 6 புள்ளி. வேறு யாராவது ஒருவர் அவருக்கு முன்பே வெளியேறியிருந்தால் 7 கிடைத்திருக்கும். 557. சோனோமாவில் ஒரே ஒரு சுற்று முன்னணியில் ஓடியிருந்தாலும் 557. 16 பந்தயங்களில் எங்கே தேடினாலும் அந்த ஒரு புள்ளி கிடைக்கும்.

இதே மொண்டோயா 1999-இல் எதிர்ப்பக்கத்தில் நின்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஓட்டியது கார்ட் என்ற இன்னொரு அமெரிக்கப் பந்தயத் தொடரில். ஃபோன்டானாவில் கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது டாரியோ ஃபிராங்கிட்டி 209, மொண்டோயா 200. மொண்டோயா நான்காவதாக வந்து 12 வாங்கினார், ஃபிராங்கிட்டி பத்தாவதாக வந்து 3. இருவருக்கும் 212. ஏழு வெற்றிக்கு மூன்று என்ற கணக்கில் கோப்பை மொண்டோயாவுக்கு. அன்று அவர் ஓட்டியது கனாஸி கார். பதினாறு ஆண்டு கழித்து அதே முறையில் அவரை வீழ்த்தியதும் கனாஸி கார். ஓட்டுநர் கிரெக் மூர் இறந்ததும் அதே ஃபோன்டானா பந்தயத்தில்தான்.

ரஹாலையும் விட்டுவிடக் கூடாது. 2015-இல்தான் ஏரோ கிட் வந்தது. டல்லாரா நிறுவனத்தின் சேசிஸ் (அடிச்சட்டம்) எல்லோருக்கும் ஒன்றே, ஆனால் விங், பக்கவாட்டு உடல், எஞ்சின் மூடி ஆகியவற்றை செவ்ரலேவும் ஹோண்டாவும் தனித்தனியே வடிவமைத்தன. முன் விங்கில் சின்னச் சின்னத் தகடுகளாக அடுக்கியிருந்ததால் லேசாகப் பட்டாலே உதிர்ந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தடம் முழுக்கத் துண்டுகள், அதைப் பொறுக்க மஞ்சள் கொடி மேல் மஞ்சள் கொடி. 16-இல் 10 பந்தயங்களை செவ்ரலே வென்றது. அந்த வருடத்தில் ஒற்றைக் கார் வைத்திருந்த ரஹாலின் ஹோண்டா அணி கடைசிப் பந்தயம் வரை இரண்டாம் இடத்தில் நின்றது பெரிய காரியம். சோனோமாவில் செபாஸ்டியன் போர்டே பின்னாலிருந்து இடித்து ரஹாலைச் சுழற்றிவிட்டதோடு அது முடிந்தது.

உங்கள் கடைசிக் கேள்வி. ஆம், அதே வருடம்தான். சோனோமாவுக்கு ஒரு வாரம் முன், ஆகஸ்ட் 23, போகோனோ பந்தயம். முன்னணியில் ஓடிய சேஜ் கேரமின் கார் சுவரில் மோத, அதன் மூக்குக் கூம்பு கழன்று மேலே பறந்தது. பின்னால் வந்த வில்சன் அதைப் பார்த்து விலகுவதற்கு நேரமே இல்லை. அது அவர் ஹெல்மெட்டில் விழுந்தது. மறுநாள் இறந்தார், வயது 37. உடல் உறுப்புகளைத் தானம் செய்திருந்தார்.

அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. திறந்த காக்பிட்டில் தலை வெளியே இருந்தது, அவ்வளவுதான். கார் உடைந்தாலும் பெரிய பாகங்கள் பறக்காதபடி கயிறு கட்டுவதை அதிகப்படுத்தினார்கள். அது போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2018-இல் கண்ணாடித் திரையைச் சோதித்தார்கள், 2019-இல் ஓட்டுநருக்கு முன்னால் சிறிய டைட்டானியத் தடுப்பு வைத்தார்கள். பிறகு ஏரோஸ்கிரீன்: காக்பிட்டைச் சுற்றி டைட்டானியச் சட்டம், அதன் முன்னே பல அடுக்கு பாலிகார்பனேட் திரை. 2020 ஜூனில் டெக்சாஸில் முதல்முறையாக எல்லாக் கார்களும் அதோடு ஓடின. அந்தப் பந்தயத்தை வென்றவர் ஸ்காட் டிக்சன்.