5 வருடத்தில் இரட்டிப்பாகுமா ரெனுவார் பிரிண்ட்?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் 'இரு சகோதரிகள்' ஓவியத்தை கேன்வாஸில் பிரிண்ட் போட்டு 45,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். அளவு 24×36 அங்குலம். 'லிமிடெட் எடிஷன், 500-ல் 212-வது' என்று சான்றிதழும் உண்டாம். 5 வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிறார். ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்ந்த பணம் கையில் இருக்கிறது. வாங்கலாமா? படம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

பதில்: கடைசி வாக்கியம் மட்டும்தான் இதை வாங்க நல்ல காரணம். அதற்கு 45,000 ரூபாய் தேவையில்லை.

ரெனுவார் இறந்தது 1919-ல். இந்தியச் சட்டப்படி காப்புரிமை, இறந்து 60 ஆண்டுவரை, பிரான்ஸில் 70. இரண்டும் எப்போதோ முடிந்தன. மூல ஓவியம் 1933 முதல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது; அதன் படக்கோப்பை அவர்களே இணையத்தில் இலவசமாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறார்கள். யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 500 என்ற வரம்பு கடைக்காரர் தனக்குத்தானே போட்டுக்கொண்டது. அளவை மாற்றி நாளைக்கே இன்னொரு 500 போடலாம்.

எண்ணிட்ட பதிப்புக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. ரெனுவார் தாமே செய்த கல்லச்சுப் படங்கள் உண்டு; 1890-களில் வொலார் என்ற பாரிஸ் வியாபாரி அவற்றை வெளியிட்டார். அவை ஓவியரின் கைப்பட்ட மூலங்கள், ஏலத்துக்கு வருபவை. உங்களுக்குக் காட்டியது இங்க்ஜெட் பிரிண்ட். கடைகளில் சொல்லும் 'ஜிக்ளே' என்ற பெயருக்கும் பொருள் அதுதான்.

5 வருடத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்குச் சுமார் 15% கூட்டு வளர்ச்சி. "5 வருடம் கழித்து நீங்களே 90,000 கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா, எழுதித் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: வீட்டுச் சாமான் விற்றால் வரி இல்லை என்ற சலுகை ஓவியம், சிற்பம் போன்ற கலைப்பொருட்களுக்குக் கிடையாது. லாபம் வந்தால் மூலதன ஆதாய வரி உண்டு.

இனி படத்துக்கு வருவோம். 1881-ல் ஸேன் நதிக்கரை ஷதூவில், ஓர் உணவகத்தின் மாடியில் வரைந்தது. பெயர்தான் சகோதரிகள், மாடலாக இருந்த இருவருக்கும் உறவே இல்லை. இருவர் உருவமும் திடமாக, ஏறக்குறைய ஆளளவில் இருக்கும். பின்னால் இலையும் நதியும் தீற்றல் தீற்றலாகக் கரையும். இடது கீழ் மூலையில் ஒரு கூடை நிறைய நூல்கண்டுகள். ஓவியத்தில் உள்ள வண்ணங்களையெல்லாம் அங்கே சேர்த்து வைத்தது போலிருக்கும்.

அந்தக் கூடைதான் கடைக்காரரின் பிரிண்ட்டில் அடிபடும். மூலம் 100.4×80.9 செ.மீ. 24×36-ல் அடைக்க அகலத்தில் சுமார் 14 செ.மீ. வெட்ட வேண்டும்: ஒருபக்கம் கூடை, மறுபக்கம் சிறுமி. வெட்டாமல் இழுத்தால் முகம் நீளும். 16×20 அங்குலம் இந்த ஓவியத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

நீங்களே செய்துகொள்ளலாம். கோப்பின் நீளப் பக்கத்தில் குறைந்தது 3,000 பிக்சல் இருக்கட்டும். 20 அங்குலத்துக்கு அது அங்குலத்துக்கு 150, கேன்வாஸுக்குப் போதும். அச்சகத்தில் பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை) என்று கேட்டு வாங்குங்கள். 'டை' மை (கரையும் சாய மை) வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். முழுசாக அடிக்குமுன் பெரியவளின் முகம், தொப்பி, உடை உள்ள பகுதியை மட்டும் அதே கேன்வாஸில் ஏ4 அளவில் சோதனை எடுங்கள். சிவப்புத் தொப்பி ஆரஞ்சாகத் தெரிந்தால் வண்ண அமைப்பு தவறு. கருநீல உடையின் மடிப்புகள் மறைந்து கறுப்புத் திட்டாக வந்தால், அதிக வெளிச்சமான திரையில் பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள்.

கட்டையில் இழுத்துக் கட்ட நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதல் துணி வேண்டும். வார்னிஷ் பூசாமல் இழுத்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். பிரிண்ட் மேல் ஜெல் தடவி 'பிரஷ் தடம்' காட்டுவதற்குக் காசு கொடுக்காதீர்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மைப்புள்ளி ஒரு வழி, ஜெல் ஒரு வழி போகும்.

கணக்கு: துணி 20×24, அதாவது 3.3 சதுர அடி. சதுர அடி 400 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1,330. ஃபிரேம் சுற்றளவு 6 அடி. ஒன்றரை அங்குலச் சட்டம் என்றால் மூலை வெட்டுக்கு இன்னும் 1 அடி. அடி 250 என்றால் 1,750. சோதனை பிரிண்டோடு 3,500-க்குள் முடியும். உங்கள் ஊர் விலையை இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது பின்பக்க மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறாது.

மீதி 41,500 ரூபாயை மறுபடி டெபாசிட்டில் போடுங்கள். 7% வட்டி கிடைத்தால் 5 வருடத்தில் 58,000 ரூபாய்க்குமேல் வரும். வட்டிக்கான வரி தனி.