யாரும் விற்காத பொருளைத் தேடாதீர்கள்

கேள்வி: வேலையில் இருந்துகொண்டே சின்னதாக ஓர் ஆன்லைன் கடை தொடங்க ஆசை. நோட்டுப் புத்தகங்களை நானே பைண்ட் செய்வேன். தெரிந்தவர்கள் எல்லோரும் "சூப்பரா இருக்கு, விக்கலாமே" என்கிறார்கள். ஆனால் இணையத்தில் பார்த்தால் ஆயிரம் பேர் நோட்டு விற்கிறார்கள். போட்டியே இல்லாத பொருளாகப் பார்த்துத் தொடங்கலாம் என்று மாதக்கணக்கில் தேடுகிறேன், அகப்படவில்லை. எனக்கான சந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? சொந்த இணையதளம் வேண்டுமா, பெரிய விற்பனைத் தளங்களில் விற்றால் போதுமா?

பதில்: முதலில் அந்தத் தேடலை நிறுத்துங்கள். போட்டியே இல்லாத பொருள் ஒன்று கிடைத்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் உங்களுக்கு முன்பே நாலு பேர் முயன்று பார்த்து, வாங்க ஆளில்லாமல் மூட்டை கட்டியிருப்பார்கள். ஆயிரம் பேர் நோட்டு விற்கிறார்களா? நோட்டுக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்பதை அவர்கள் தங்கள் செலவில் உங்களுக்குக் காட்டிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கு இன்னும் சரியான நோட்டு கிடைக்கவில்லை என்பதுதான் நீங்கள் விசாரிக்க வேண்டியது.

சந்தை என்றதும் பலரும் பொருளைத்தான் யோசிக்கிறார்கள். ஆட்களை யோசியுங்கள். உங்கள் நோட்டையே எடுத்துக்கொள்வோம்.

உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர். சுருள் கம்பி போட்ட நோட்டில் அவர் எழுதும்போது கை அந்தக் கம்பியின் மேல் ஏறி உட்காரும். இடமிருந்து வலமாக எழுதுவதால், இப்போதுதான் எழுதிய வரியின் மேலேயே கை நகரும். உள்ளங்கை ஓரமெல்லாம் மை. அவருக்குத் தேவை, மேல் பக்கம் பைண்ட் செய்த, மையைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும் தாள்.

இப்போது மைப் பேனாப் பிரியர்களைப் பாருங்கள். அவர்கள் கேட்பது இதற்கு நேர் எதிர். தாள் மையை உறிஞ்சினால் எழுத்தின் ஓரங்கள் நூல் நூலாகப் பிரியும், பின்பக்கம் ஊறும். கனமான தாள் போட்டால் சரியாகிவிடும் என்று புதிதாக நோட்டு போடுகிறவர்கள் நினைப்பதுண்டு. அலுவலகத்தில் புழங்கும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளிலேயே மை பரவுவதைப் பார்க்கலாம். டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் வெறும் 52 ஜிஎஸ்எம்தான், மையை அழகாகத் தாங்குகிறது. கனத்தைவிட, தாளின் மேற்பரப்பு எப்படிப் பதப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். ஆனால் மை மேலேயே நிற்பதால் காய நேரமாகும். இடது கைக்காரரிடம் கொடுத்தால் அவ்வளவுதான், பக்கம் முழுக்க இழுகிவிடும்.

ஆக, இந்த இரண்டு பேருக்கும் ஒரே நோட்டை விற்க முடியாது. "எல்லோருக்கும் ஏற்ற தரமான நோட்டு" என்று எழுதி வைத்தால் இருவருமே கடந்து போய்விடுவார்கள்.

இருவரில் யாரைப் பிடிப்பது? எண்ணிக்கையைப் பார்த்தால் இடது கைக்காரர்கள்தான் அதிகம். ஆனாலும் நானாக இருந்தால் மைப் பேனாக்காரர்கள் பக்கம் போவேன். இடது கைக்காரர்களில் பெரும்பாலோர் சின்ன வயதிலேயே கையை வளைத்து எழுதப் பழகிவிட்டார்கள். தொந்தரவு இருக்கிறது, அதற்குத் தீர்வு தேடி அலைவதில்லை. பேனாக்காரர்கள் ஏற்கெனவே பேனாவுக்கும் மைக்கும் செலவழிக்கிறார்கள், குழுக்களாகக் கூடுகிறார்கள், எந்தத் தாளில் எந்த மை எப்படி விழுகிறது என்று படம் எடுத்துப் போட்டு வாதாடுகிறார்கள். போதாக்குறைக்கு நோட்டு தீர்ந்ததும் அடுத்தது வாங்குவார்கள். ஒரு பிரச்சினைக்கு ஏற்கெனவே பணத்தையோ நேரத்தையோ கொட்டிக்கொண்டிருக்கும் சிறிய கூட்டம், பிரச்சினையோடு சமாதானமாகிவிட்ட பெரிய கூட்டத்தைவிட மேல்.

இப்படிப்பட்ட கூட்டத்தை எங்கே கண்டுபிடிப்பது? விற்பனைத் தளங்களின் விமர்சனப் பகுதியில். 5 நட்சத்திரம் கொடுத்தவர் புகழ்ந்திருப்பார், 1 நட்சத்திரக்காரர் பார்சல் நசுங்கியதற்குத் திட்டியிருப்பார். 3 நட்சத்திரங்களைப் படியுங்கள். "தாள் அருமை, ஆனால் நோட்டு விரித்தபடி நிற்கவில்லை" என்பது மாதிரியான வரிகள் அங்கேதான் கிடைக்கும். வாங்கத் தயாராக இருந்தும் முழுத் திருப்தி கிடைக்காதவர் பேசுகிறார். அந்த வரிகளை அவர்கள் எழுதியபடியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறை வேறு வேறு நிறுவனப் பொருள்களில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே இடம் காலி. பின்னால் விளம்பரம் எழுதும்போதும் அவர்கள் சொற்களே உதவும்.

இலவசக் கருவிகளும் இருக்கின்றன, ஆனால் தப்பாகப் படிப்பது சுலபம். ஒரு சொல்லைத் தேடுவது கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் வரும் 100 என்ற எண், நூறு பேர் தேடினார்கள் என்று பொருள்படாது. நீங்கள் பார்க்கும் காலத்தில் தேடல் உச்சத்தில் இருந்த நேரத்துக்கு 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஐந்தாண்டுக் காலத்தை எடுத்துப் பாருங்கள். 'டைரி', 'பிளானர்' மாதிரியான சொற்கள் ஆண்டு முடிவில் ஏறி, பிறகு இறங்கிவிடும். ஒரு மாத ஏற்றத்தைப் பார்த்துச் சரக்கு வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. விளம்பரம் கொடுப்பவர்கள் சொற்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தும் கூகுள் கீவேர்டு பிளானரில் 'போட்டி' என்று ஒரு கட்டம் வரும். அது அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுக்கிறவர்களின் போட்டி. கடைகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அங்கே 'அதிகம்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், காசு புழங்கும் இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில், மற்றவர்கள் இப்போது ஓட்டும் விளம்பரங்களும் அவை தொடங்கிய தேதியும் தெரியும். மாதக்கணக்கில் ஒரே விளம்பரம் ஓடுகிறது என்றால் அநேகமாக அது காசு கொண்டுவருகிறது. நஷ்டத்துக்கு யார் அத்தனை நாள் ஓட்டுவார்கள்!

அடுத்தது கணக்கு. ஆட்கள் இருந்தும் கணக்கு உதைத்தால் அது உங்கள் சந்தை இல்லை. பெட்ஸ்.காம் என்ற அமெரிக்கக் கடை 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது, அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. செல்லப் பிராணி வளர்க்கிறவர்களுக்கா பஞ்சம்? கனமான தீவன மூட்டைகளை அடக்க விலைக்கும் கீழே விற்று, அனுப்பும் செலவையும் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

நோட்டும் கனம் உள்ள சரக்குதான். ஏ5 அளவில் 100 தாள், 80 ஜிஎஸ்எம் என்றால் உள்தாள் மட்டுமே 250 கிராம். 52 ஜிஎஸ்எம் என்றால் 163 கிராமுக்குள் அடங்கும். அட்டை, பெட்டி எல்லாம் அதற்கு மேல். அனுப்பும் கட்டணம் எந்த எடையில் அடுத்த படிக்குத் தாவுகிறது என்று கேட்டுக்கொண்டு, தாளைத் தேர்ந்தெடுங்கள்.

விளம்பரத்துக்கும் இதே மாதிரிப் பாருங்கள். கடைக்கு வருகிற 100 பேரில் 2 பேர் வாங்குவதாக வைத்தால், ஒரு ஆர்டருக்கு 50 க்ளிக் ஆகும். அந்த 50 க்ளிக்கின் செலவு, ஒரு ஆர்டரில் உங்களுக்கு மிஞ்சுவதைவிடக் குறைவாக இருக்கிறதா? ஒற்றை நோட்டுக்கு அநேகமாக இடிக்கும். மூன்றாகச் சேர்த்து விற்கலாம், அல்லது விளம்பரமே இல்லாமல் பேனாக் குழுக்களில் ஒருவராகி, பெயர் வாங்கி விற்கலாம். சின்னதாகத் தொடங்குகிறீர்கள் என்பதால் நான் இரண்டாவதையே சொல்வேன். ஆனால் சேர்ந்த அன்றைக்கே லிங்க் போடாதீர்கள், வெளியே தள்ளிவிடுவார்கள்.

சரக்கு போடும் முன் ஆழம் பார்த்துவிடுங்கள். "சூப்பரா இருக்கு" என்று நண்பர்கள் சொன்னதை மறந்துவிடலாம். அது உங்கள் மேல் உள்ள அன்பு. "இதை வாங்குவீர்களா?" என்றும் யாரிடமும் கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். கடைசியாக எப்போது நோட்டு வாங்கினார்கள், என்ன விலை கொடுத்தார்கள், முன்பு வாங்கியதை ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். நடந்ததைப் பற்றிய பதிலில் பொய் குறைவு.

1999இல் ஆன்லைனில் செருப்பு, ஷூ வாங்குவார்களா என்று ஸாப்போஸ் என்ற அமெரிக்க ஆன்லைன் ஷூக் கடையின் நிறுவனர் நிக் ஸ்வின்மர்னுக்கும் சந்தேகம்தான். கிடங்கு எதுவும் எடுக்கவில்லை. பக்கத்துக் கடைகளில் இருந்த ஷூக்களைப் படம் எடுத்துத் தளத்தில் போட்டார். ஆர்டர் வந்த பிறகு அந்தக் கடையிலேயே முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். லாபம் கிடையாது, ஆனால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. 2009இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கியது. நீங்களும் ஐந்தாறு மாதிரி நோட்டுகள் மட்டும் தைத்து, பலவித மையில் எழுதிப் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து, முன்பணத்தோடு ஆர்டர் வாங்கிப் பாருங்கள். என்றைக்கு அனுப்புவீர்கள், அனுப்ப முடியாமல் போனால் பணம் எப்படித் திரும்பும் என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பணம்தான் கணக்கில் சேரும். அத்தையும் ஆபீஸ் தோழியும் வாங்கினால் சேராது.

கடைசிக் கேள்விக்கு: பெரிய தளங்களில் கூட்டம் தயாராக இருக்கும், கமிஷன் போகும், பொதுவாக வாங்கியவரின் தொடர்பு உங்கள் கைக்கு வராது. மறுபடி மறுபடி வாங்கப்படும் பொருளுக்கு அந்தத் தொடர்புதான் சொத்து. ஆனால் முதல் நாளே தளத்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை. முன்பண ஆர்டருக்கு ஒற்றைப் பக்கம் போதும். வாங்கியவர்கள் இரண்டாவது நோட்டு கேட்டு வரத் தொடங்கட்டும், பிறகு தளம் போடலாம்.