கத்தரிக்குப் பின் மிளகாய்: வாடல் நிற்காததற்குக் காரணம் என்ன?

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 60 அடிக்கு 40 அடி நிலம் இருக்கிறது. கத்தரி, மிளகாய், தக்காளி போட்டு, வீட்டுக்குப் போக மிஞ்சியதைக் காலைச் சந்தையில் கொடுக்கிறேன். இப்போது மேற்குப் பாதியில், காய்க்கும் நேரத்தில் இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிப்போய், நாலைந்து நாளில் செத்துவிடுகிறது. ஒரே செடியை ஒரே இடத்தில் நான் நடுவதில்லை. கத்தரி இருந்த இடத்தில் மிளகாய், மிளகாய் இருந்த இடத்தில் தக்காளி என்று மாற்றித்தான் நடுகிறேன். கிழக்குப் பாதியில் கீரையும் பாகலும் நன்றாக வருகின்றன. தரை தெற்கே லேசாகச் சரிந்து கால்வாயில் முடிகிறது. பாத்திகளை எப்படிப் பிரிப்பது, எதற்குப் பின் எதை நடுவது? லாரியில் புது மண் இறக்கினால் தீருமா?

பதில்: வணக்கம் அம்மா. மாற்றி நட வேண்டும் என்று நினைத்தது சரி. ஆனால் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை வாட்டும் கிருமிக்கு மற்ற இரண்டும் இரைதான். ஆகவே அந்த மேற்குப் பாதி மண், கிருமியின் கணக்கில், ஒரே பயிரைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறது.

முதலில் நோய் எது என்று உறுதி செய்யுங்கள். வாடத் தொடங்கிய செடியின் தண்டைத் தரையை ஒட்டி வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் முனையிலிருந்து வெள்ளை இழை பால் போல இறங்கினால் அது பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற கிருமியின் வேலை. இழை இறங்காவிட்டால் வேரைத் தோண்டிக் கழுவிப் பாருங்கள். வேரே அங்கங்கே முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. பயத்தங்காய் வேரில் இருக்கும் முடிச்சு வேறு. அது நகத்தால் தள்ளினால் உதிரும், நிலத்துக்கு நல்லது செய்வது. சில நிலங்களில் வாடலும் நூற்புழுவும் சேர்ந்தே இருக்கும். நூற்புழு துளைத்த வேர் வழியே பாக்டீரியா எளிதாக நுழைந்துவிடும். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் பாக்டீரியா வாடலாகவே எனக்குத் தோன்றுகிறது. அதை மருந்தடித்துத் தீர்க்க முடியாது.

தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று பருவம் உண்டு. கோடையில் நிலம் காய்ந்து வெடிக்கும். பினாங்கில் வருடம் முழுவதும் வெயிலும் ஈரமும் இருப்பதால் கிருமிக்கு ஓய்வே இல்லை. அந்த இடைவெளியை நாம்தான் உண்டாக்க வேண்டும். பயிர் சுழற்சி இங்கே இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

இந்தக் கிருமி தண்ணீரோடும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் போகும். அதனால் திட்டத்தை வடிகாலில் இருந்து தொடங்குங்கள். 60 அடியைக் கிழக்கு மேற்காக 13 அடி அகலத்தில் நான்கு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் 2 அடி வாய்க்கால் விடுங்கள். ஒவ்வொரு வாய்க்காலும் நேரே தெற்குக் கால்வாயில் விழ வேண்டும். ஒரு கட்டத்துத் தண்ணீர் இன்னொன்றின் மேல் பாயவே கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் 3 அடி அகலத்தில் மூன்று பாத்திகள், இடையில் ஒன்றரை அடி நடைபாதை. பாத்தி ஒரு அடி உயரம் இருக்கட்டும். பாத்திகள் வடக்கு தெற்காக ஓடுவதால் பாகல், புடலைப் பந்தலின் இரு பக்கமும் காலையும் மாலையும் வெயில் படும்.

இனி சுழற்சி. ஒரு கட்டத்தில் கத்தரிக் குடும்பம், அடுத்ததில் சோளமும் காங்கோங், சாவி போன்ற கீரைகளும், மூன்றாவதில் பயத்தங்காய், நான்காவதில் பாகல், வெள்ளரி, புடலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாம் ஒரு கட்டம் நகரும். கத்தரிக் குடும்பம் பழைய இடத்துக்கு வர 2 வருடம். நடுவில் அந்த மண்ணுக்கு 18 மாத ஓய்வு. நோய் கண்ட மேற்குப் பாதிக்குக் கத்தரிக் குடும்பத்தின் முறை கடைசியில் வரட்டும். அதனால் கிழக்கு ஓரக் கட்டத்தில் கத்தரியைத் தொடங்கி மேற்கே நகர்த்துங்கள். அதுவரை மேற்கில் சோளமும் கீரையும் பயறும் நிற்கட்டும். கிருமி குறையும், முழுக்க ஒழிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே கத்தரி திரும்பும்போது சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய கன்றாக நடுங்கள். சுண்டை வேர் இந்த வாடலை நன்றாகத் தாங்கும். ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்; மண் அணைத்து மூடினால் கத்தரித் தண்டு வேர்விட்டு, பட்ட பாடு வீணாகும்.

இரண்டு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வேறு குடும்பம்தானே என்று இஞ்சியும் நிலக்கடலையும் போடுவார்கள். இரண்டையும் இதே கிருமி தாக்கும். நூற்புழு இருக்கும் மண்ணில் வெண்டையும் வேண்டாம், வெள்ளரியும் வேண்டாம். அங்கே செண்டுமல்லியை நெருக்கமாக நடுங்கள், பூ சாமிக்கும் ஆகும். இன்னொன்று, வரப்பில் தானாக முளைக்கும் மணத்தக்காளி. வாய்ப்புண்ணுக்கு ஆகும் என்று அதை யாரும் பிடுங்குவதில்லை. அதுவும் கத்தரிக் குடும்பம்தான்; ஓய்வு விட்ட கட்டத்தில் அது நின்றால் ஓய்வுக்கே அர்த்தமில்லை. வேண்டுமானால் ஒரு தொட்டியில் தனியாக வையுங்கள்.

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கனம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கொஞ்சம் காயும். நவம்பர் முதல் வாரத்தில் கன்று நட்டால் ஜனவரி நடுவில் கத்தரி பறிக்கலாம். தைப்பூச விரதச் சமையலுக்குச் சந்தையில் காய் தேடும் நேரம் அது. மிளகாயும் மழையில் அழுகாமல் தப்பும்.

லாரி மண் வேண்டாம். எந்த நிலத்தில் வெட்டியது என்று தெரியாத மண், நல்ல கிழக்குப் பாதியையும் கெடுத்துவிடும். அந்தப் பணத்துக்குச் சுண்ணாம்பும் நன்றாக மட்கிய கோழி எருவும் வாங்குங்கள். மண்ணைப் பரிசோதித்துப் புளிப்பு அதிகம் என்று தெரிந்தால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் சுண்ணாம்பைக் கொத்திக் கலந்து, இரண்டு வாரம் கழித்து எருவைப் போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எருவின் தழைச்சத்து காற்றில் போய்விடும்.